பெருவிரல்

படிவம் சிங்களத்தில் இருந்தது.
"மெதன அத்சன் கரன்ன, நங்கி" என்று
என் பெருவிரலைப் பிடித்துத் தாளில் வைத்தாள் மிஸ்.
மூலையில் யாருடையதோ தேநீர் ஈரம்.
என்ன எழுதியிருக்கு?
ஒன்றுமில்லை, எல்லாரும் போடுவதுதான்.

தமிழில் தாங்கோ என்றேன்.
இழுப்பறைகள் திறந்தன, மூடின.
ஒருவர் மாடிக்கு ஓடினார், செருப்புச் சத்தத்தோடு.
முக்கால் மணித்தியாலம்.
பொரளைச் சந்தியின் ஹோர்ன் முழுக்க
ஜன்னலால் வந்து என் மடியில் இறங்கியது.
கடைசியில் கொண்டுவந்து வைத்தார்கள்:
இந்தா, உன் பாஷை.

சிரிப்பு வந்துவிட்டது.
பிறவியிலேயே கண் தெரியாதவளுக்கு
இரண்டு பாஷையும் ஒரே வழுவழுப்பு.

கோப்பில் என்னை முன்பே எழுதி வைத்திருந்தார்கள்.
தவமலர், முப்பத்தொன்று.
ஊர் என்ற இடத்தில் வெறுமனே தோட்டம்.
(தோட்டத்துக்குப் பெயர் உண்டு,
லயத்துக்கு இலக்கம்கூட உண்டு.)
தொழில், தொலைபேசி இணைப்பாளர்.
கணவன் பெயருக்கு நேரே ஒரு கோடு.
அந்தக் கோட்டை நான்தான் போடச் சொன்னேன்.
"யார் உனக்கு இப்படிச் செய்தது?" என்று கேட்டாள் ஒருத்தி,
நனைந்த பூனையிடம் கேட்கும் குரலில்.
நானும் சேர்ந்துதான் என்றேன்.
அதை அவள் எழுதவில்லை.
பேனை அசையும் சத்தம் எனக்குத் தெரியும்.

பக்கத்து வாங்கில்
புளிப்பு மிட்டாய் சூப்பிக்கொண்டிருந்தவள்
"நான் வாசிக்கட்டா?" என்றாள்.
ஸரூஃபா. மாளிகாவத்தை. வயிற்றில் ஐந்தாவது.
மதரஸாவில் ஓதிய குரல், நிறுத்தி நிறுத்தி:
சத்திரசிகிச்சையின்போது... இரு குழாய்களையும்...
நிரந்தரமாக...
மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது.
நிரந்தரமாக? சொல்லுங்கோ.
"இனிப் பிள்ளையே வேணாமெண்டு
நீங்க கேக்கிறீங்களாம்.
நீங்களாத்தான் கேக்கிறீங்களாம்."

காலையிலிருந்து நான் கேட்டது ஒன்றே ஒன்று:
கழிப்பறைக்கு எத்தனை அடி.

பிறகு ஸரூஃபா என் காதோடு சொன்னாள்.
"இந்தக் கடதாசி எனக்கு வேணும், தங்கச்சி.
மூணு தரம் கேட்டன்.
அவர்ட கையெழுத்தில்லாம ஏலாதாம்."
அவள் மூச்சில் எலுமிச்சை.
என்ன சொல்வதென்று தெரியாமல்
அவள் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.

டொக்டர் வந்தார். நல்ல மனிதர்தான்,
பொறுமையான தமிழ்.
"உங்கள் நன்மைக்குத்தானே அம்மா.
இந்த ஒன்றையே யார் பார்ப்பது?"

பார்ப்பது.
பார்க்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர்
என்னைச் சுற்றி நின்றீர்கள் டொக்டர்.
இந்த எட்டு வரியை எனக்கு
வாசித்துக் காட்ட ஒருவர் இல்லை.
மிட்டாய் சாப்பிட்டவள் வாசித்தாள்.

வாங்குகளில் இருமல் நின்றிருந்தது.
தாளைத் திருப்பி ஸரூஃபாவிடம் கொடுத்தேன்.
எழுதுங்கோ அக்கா, பெரிசாக:
எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது.
விளங்கியது.
மாட்டேன்.
"மாட்டேனுக்கு எந்த ன?" என்று கேட்டாள் பாவம்.
எனக்கெப்படித் தெரியும், எனக்குப் புள்ளிகள்தான் தெரியும்.
சிரித்தோம். இரண்டு வயிறும் குலுங்கின.
மைப்பெட்டியை நானே கேட்டு வாங்கி
பெருவிரலை அழுத்தினேன்,
ரேகை பதியும்வரை.

இதனால் நாளைக்கு என்ன மாறும், தெரியாது.
கத்தி அவர்களிடம், மயக்க மருந்தும் அவர்களிடம்.
சங்கத்துப் பெண்களுக்கு இரவு போன் எடுக்கவேண்டும்,
ஸரூஃபாவுக்கும் ஒரு வழி கேட்கவேண்டும்.
அவள் இலக்கத்தை மனப்பாடம் செய்தபடி
பஸ்ஸில் ஏறினேன்.

வெள்ளைப் பிரம்பையும் வயிற்றையும் மாறிமாறிப் பார்த்திருப்பான்,
கண்டக்டர் குழம்பிப்போனான்:
"கர்ப்பிணித் தாய் சீட்டா,
மற்றச் சீட்டா, அக்கா?"

எதில் காற்று வரும் என்றேன்.